வாசகர் கேள்வி பதில்: பிரான்சின் சிற்றூரில் ஓர் ஆசிரியை

பிரான்சின் தெற்கே, அவேரோன் மாவட்டத்துச் சிற்றூர் ஒன்றின் அரசு மேல்நிலைப் பள்ளியில் நான் முதலில் ஆங்கில உதவி ஆசிரியையாகவும் பிறகு ஒப்பந்த ஆசிரியையாகவும் இருந்த ஐந்து ஆண்டுகளைப் பற்றிச் சென்ற இதழில் எழுதியிருந்தேன். அதற்கு வந்த கடிதங்களில் வகுப்பறையைப் பற்றிக் கேட்டவர்கள் மிகச் சிலரே. பள்ளி மணி அடித்த பிறகு என்ன நடக்கும், யாரோடு பேசுவது, யார் வீட்டில் சாப்பிடுவது என்பவைதான் பெரும்பாலோரின் கேள்விகள். 2019இல் வேலூர் மாவட்டம் வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் என்று மூன்றாகப் பிரிந்த பின்னும் உறையின் மேல் ‘வட ஆற்காடு’ என்ற பழைய பெயரையே எழுதியிருந்த இருவரின் கேள்விகளை முதலில் எடுத்து வைத்தேன் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

ஒரு தாய், காட்பாடி: என் மகள் பிரெஞ்சு இலக்கியத்தில் முதுகலை முடித்து, உதவி ஆசிரியைப் பணிக்குத் தேர்வாகியிருக்கிறாள். ஆறாயிரம் பேர் வாழும் ஊராம். வாரத்துக்கு 12 மணி நேரந்தான் வேலை என்று மகிழ்ச்சியாகச் சொல்கிறாள். எனக்கு அதுவே கவலையாக இருக்கிறது. மீதி நேரத்தில் தனியாக என்ன செய்வாள்?

கவலைப்பட வேண்டிய இடத்தில்தான் கவலைப்படுகிறீர்கள், அம்மா. இந்த ஒப்பந்தம் பெரும்பாலும் அக்டோபர் 1 முதல் ஏப்ரல் 30 வரை ஏழு மாதங்களுக்கானது. கையில் வருவது மாதம் சுமார் 800 யூரோ. ஒரு வகுப்பைப் பாதியாகப் பிரித்து, பத்துப் பன்னிரண்டு மாணவர்களை உங்கள் மகளிடம் அனுப்பி, ஆங்கிலத்தில் பேச வைக்கச் சொல்வார்கள். வாரத்தின் 168 மணி நேரத்தில் அந்த 12 போக மிஞ்சுவதைத் தூக்கமும் சமையலும் முழுதாகத் தின்றுவிடாது. புதன்கிழமை பிற்பகலில் பெரும்பாலும் வகுப்புகள் இருக்காது. கிராமப்புறப் பள்ளிகளின் விடுதி மாணவர்கள் வெள்ளிக்கிழமை பிற்பகலே பெட்டியை இழுத்துக்கொண்டு பேருந்து ஏறிவிடுவார்கள். ஆசிரியர்களிலும் பலர் தொலைவில் வீடு வைத்திருப்பவர்கள். ஆகவே வெள்ளி மாலை ஐந்து மணிக்கு மேல், பள்ளி வளாகத்து அறையில் தங்கியிருப்பவருக்கு ஊரே காலியாகிவிட்டது போல் தோன்றும்.

நான் போய்ச் சேர்ந்த முதல் ஞாயிற்றுக்கிழமை பிற்பகல், பால் வாங்கலாம் என்று பையை எடுத்துக்கொண்டு இறங்கினேன். கடைத்தெரு, தேவாலயச் சதுக்கம், ஆற்றங்கரை என்று நாற்பது நிமிடங்கள் சுற்றியதில் நான் கண்ட உயிர்கள் ஒரு பூனையும், சன்னல் கதவை இழுத்துச் சாத்திய ஒரு கையும் மட்டுமே. வேலூரில் பந்த் நாளில்கூட டீக்கடையின் பாதிக் கதவு திறந்திருக்கும். ரொட்டிக் கடை ஞாயிறு காலையில் திறந்து பன்னிரண்டரைக்கே மூடிவிட்டது என்பதும், திங்களன்று அதுவும் வேறு பல கடைகளும் விடுமுறை என்பதும், மற்ற நாட்களில் பகல் பன்னிரண்டு முதல் இரண்டு வரை சாப்பாட்டுக்காகக் கதவடைப்பார்கள் என்பதும் எனக்குப் பிறகுதான் பாடமாயின.

ஆகவே உங்கள் மகள் முதல் வாரத்தில் கேட்டறிய வேண்டியது ஊரின் சந்தை நாள். பொய்கை மாட்டுச் சந்தைக்குச் செவ்வாய்க்கிழமை என்பது சுற்றுவட்டாரத்துக்கு எப்படித் தெரியுமோ, அப்படி அங்கே ஒவ்வோர் ஊருக்கும் ஒரு நாள் உண்டு. காய்கறிக்காரர், பாலாடைக்கட்டிக்காரர், தேன் விற்பவர் எல்லோரும் காலையில் கடை விரித்து ஒரு மணிக்குள் ஏறக் கட்டிவிடுவார்கள். வாரந்தோறும் அதே ஆளிடம் அரை கிலோ கேரட் வாங்கினால், நான்காவது வாரம் அவராகவே பேச்சுக் கொடுப்பார். எனக்கு அந்த ஊரில் முதன்முதலாகப் பெயர் சொல்லிக் கூப்பிட்டவர் முட்டை விற்ற ஒரு பாட்டியம்மாள்தான்.

ஒரு வாசகர், குடியாத்தம்: பிரெஞ்சுக்காரர்கள் கர்வம் பிடித்தவர்கள் என்று என் மைத்துனர் சொல்கிறார். அவர் பத்து நாள் சுற்றுலா சென்று வந்தவர். நீங்கள் ஐந்து ஆண்டுகள் இருந்தவர். உண்மை என்ன?

உங்கள் மைத்துனர் பெரும்பாலும் ஒரே ஒரு சொல்லைச் சொல்லாமல் விட்டிருப்பார். நம் ஊரில் மளிகைக் கடைக்குள் நுழைந்து கைகூப்பி ‘வணக்கம்’ என்று சொன்னால், கோயில் திருவிழாவுக்கு நன்கொடை கேட்க வந்தவர் என்று கடைக்காரர் நினைத்துக்கொள்வார். நாம் நேரே ‘அரை கிலோ துவரம்பருப்பு’ என்போம். முகத்தில் இருக்கும் சிரிப்பிலேயே மரியாதை அடங்கிவிடும். பிரான்சிலோ ‘போன்ஜூர்’ சொல்லாமல் தொடங்கும் பேச்சு, இலக்கணம் எவ்வளவு சுத்தமாக இருந்தாலும், மரியாதையற்ற பேச்சு. ஒரு மருந்துக் கடையில், வழியெல்லாம் மனப்பாடம் செய்துகொண்டு போன வாக்கியத்தில் இருமல் மருந்து கேட்டேன். அந்த அம்மாள் என்னையே பார்த்து, மெதுவாக, ‘போன்ஜூர், மதாம்’ என்றார். நான் மறுபடியும் இருமல் மருந்து என்றேன். அவரும் மறுபடியும் ‘போன்ஜூர், மதாம்’ என்றார். மூன்றாம் முறைதான் எனக்கு உறைத்தது. நான் அந்தச் சொல்லைத் திருப்பிச் சொன்ன மறுகணம் முகம் மலர்ந்து, இரவில் தூக்கம் வருகிறதா, தேன் கலந்து குடிக்கிறாயா என்று ஐந்து நிமிடம் விசாரித்தார்.

பேருந்தில் ஏறினால் ஓட்டுநருக்கு ஒரு போன்ஜூர். மருத்துவரின் காத்திருப்பு அறைக்குள் நுழைபவர், அங்கே உட்கார்ந்திருக்கும் முன்பின் தெரியாத நால்வருக்கும் பொதுவாக ஒன்று சொல்வார். பள்ளியின் ஆசிரியர் அறையில் காலையில் ஒவ்வொருவருக்கும் ஒருமுறை. ஆனால் அதே ஆளுக்கு அதே நாளில் இரண்டாம் முறை சொல்லிவிட்டால், காலையில் தன்னைக் கண்டதையே இவர் மறந்துவிட்டார் என்று பொருளாகிவிடும். யாருக்குச் சொன்னோம் என்று கணக்கு வைத்துக்கொள்ள முதல் மாதம் நான் பட்ட பாட்டை வகுப்பெடுக்கக்கூடப் பட்டதில்லை.

இன்னொரு சிக்கல், நாம் எளிது என்று நினைத்து ஏமாறும் சிக்கல், ‘நீ’, ‘நீங்கள்’ என்னும் வேறுபாடு. அவர்களுக்கும் ‘த்யூ’, ‘வூ’ என்று இரண்டு உண்டு. ஆனால் எல்லை வேறு இடத்தில் இருக்கிறது. தலைமை ஆசிரியருக்கு ‘வூ’. மாணவர்கள் உங்களுக்குச் சொல்வதும் ‘வூ’. சக ஆசிரியர்களோ வயதைப் பார்க்காமல் முதல் நாளே ஒருவரையொருவர் ‘த்யூ’ என்றழைப்பார்கள். என் தந்தையின் வயதை ஒத்த கணித ஆசிரியர் ஒருவரை ‘நீ’ என்று அழைக்க எனக்கு நான்கு மாதங்கள் பிடித்தன. அந்த நான்கு மாதமும் நான் அவரை மதிப்பதாக அவர் எண்ணவில்லை, தள்ளி வைப்பதாகவே எண்ணிக்கொண்டிருந்தார் என்பது பின்னர் அவர் மனைவி சொல்லித் தெரிந்தது.

ஒரு மாணவி, வேலூர்: கன்னத்தோடு கன்னம் வைக்கும் அந்த வழக்கத்திலிருந்து தப்ப முடியுமா?

முடியும். சற்று முன்னதாகவே கையை நீட்டிவிடுங்கள். அவர்கள் ‘பீஸ்’ என்று சொல்லும் இந்த வழக்கம் பெருந்தொற்றுக் காலத்துக்குப் பிறகு முன்பிருந்த அளவுக்குக் கட்டாயமாக இல்லை. ஊருக்கு ஊர் எண்ணிக்கை இரண்டு, மூன்று, நான்கு என்று மாறுவதால் அவர்களே குழம்பி மூக்கில் மோதிக்கொள்வதைப் பார்த்திருக்கிறேன்.

ராணிப்பேட்டை இளைஞர், தற்போது பிரான்சில் பணியில் இருப்பவர்: பணியில் சேர்ந்து ஏழு வாரங்கள் ஆகின்றன. ஆசிரியர் அறையில் எல்லோரும் சிரிக்கிறார்கள், நலமா என்கிறார்கள். ஆனால் ஒருவர்கூட வீட்டுக்கு அழைக்கவில்லை. அக்டோபர் இறுதியில் வந்த இரண்டு வார விடுமுறையில், கடைக்காரர்களைத் தவிர யாரிடமும் நான் வாய் திறக்கவில்லை. என் நிறந்தான் காரணமா? திரும்பி வந்துவிடலாமா என்றும் தோன்றுகிறது.

தம்பி, நிறத்தைப் பற்றி முதலில் நேராகவே சொல்லிவிடுகிறேன். அது ஒருபோதும் காரணமாக இருக்காது என்று சொன்னால் பொய்யாகும். எனக்கும் அங்கே ஒன்றிரண்டு கசப்பான அனுபவங்கள் உண்டு. ஆனால் நீங்கள் சொல்லும் இந்த மௌனத்தை, வட பிரான்சின் லீல் நகரத்திலிருந்து மாற்றலாகி வந்த பிரெஞ்சு ஆசிரியை ஒருவரும் என்னோடு சேர்ந்து அதே அளவுக்கு அனுபவித்தார். அங்கே அரசுப் பள்ளி ஆசிரியர்கள் புள்ளிக் கணக்கில் நாடு முழுவதும் மாற்றப்படுபவர்கள். ஆண்டுதோறும் சிலர் வருவார்கள், சிலர் போவார்கள். உதவி ஆசிரியரோ ஏப்ரல் இறுதியில் போய்விடுவார் என்பது வந்த அன்றே எல்லோருக்கும் தெரியும். அந்த ஊரிலேயே பிறந்தவர்களுக்கு, மழலையர் பள்ளியில் பக்கத்தில் உட்கார்ந்தவர்களே இன்றும் நண்பர்கள். அவர்களுக்கு உங்கள்மேல் வெறுப்பில்லை; அவர்கள் பந்தியில் ஏற்கெனவே இலைகள் போடப்பட்டுவிட்டன, அவ்வளவுதான். நம் தெருவில் புதிதாகக் குடிவந்தவரின் கதவை அன்று மாலையே தட்டி, ‘எந்த ஊரு, எத்தனை பசங்க’ என்று கேட்பது அக்கறை; அங்கே அது அத்துமீறல். புதியவர் தாமாக வந்து பேசட்டும் என்று அவர்கள் காத்திருக்க, பழையவர்கள் அழைக்கட்டும் என்று நாம் காத்திருக்க, டிசம்பர் வந்துவிடும்.

ஆகவே முதல் அடியை நீங்கள்தான் எடுத்து வைக்க வேண்டும். எங்கே வைப்பது என்பதுதான் நுணுக்கம். ஆசிரியர் அறையில் ஏழெட்டுப் பேர் ஒரே நேரத்தில் பேசும் மதிய உணவு மேசையில் வைக்காதீர்கள். அந்த வேகத்தில் வரும் பிரெஞ்சைப் பிடிப்பதற்குள் அவர்கள் எழுந்து வகுப்புக்குப் போய்விடுவார்கள். ஒரே ஒருவரோடு காப்பி குடியுங்கள். உங்கள் பள்ளியில் மாணவர்களைக் கண்காணிக்கும் பணியில் இருபது வயது கடந்த இளைஞர்கள் சிலர் இருப்பார்களே, அவர்களைக் கவனித்தீர்களா? ‘கல்வி உதவியாளர்கள்’ என்ற பெயரில் படித்துக்கொண்டே பகுதி நேரம் வேலை பார்ப்பவர்கள் அவர்கள். வயதாலும் வருமானத்தாலும் உங்களுக்கு நெருக்கமானவர்கள் அவர்கள்தாம். நாற்பது வயதில் இரண்டு பிள்ளைகளோடு ஓடிக்கொண்டிருக்கும் ஆங்கில ஆசிரியை அல்லர்.

அடுத்தது சங்கங்கள். இதை நான் சாதாரணமாகச் சொல்லவில்லை. பிரான்சில் 1901ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ், இருவர் சேர்ந்தாலே ஒரு சங்கம் பதிவு செய்துகொள்ளலாம். ஆறாயிரம் பேர் உள்ள ஊரில்கூட சேர்ந்திசைக் குழு, மலைநடைக் குழு, பூப்பந்து, இரும்புக் குண்டு உருட்டும் பெத்தாங்க் ஆட்டம், நாடகம், தையல் என்று நம்ப முடியாத அளவுக்குச் சங்கங்கள் இருக்கும். நமக்குத் திண்ணையிலும் டீக்கடையிலும் நடப்பது அவர்களுக்குச் சங்கத்தில் நடக்கிறது. செவ்வாய்க்கிழமை மாலை எட்டு மணி என்றால் எட்டு மணி. அங்கே நீங்கள் யார், எந்த நாடு என்று விளக்க வேண்டியதில்லை, மூன்றாம் குரலில் பாடினால் போதும். எல்லாச் சங்கங்களும் மேசை போட்டு ஆள் சேர்க்கும் நாள் பெரும்பாலும் செப்டம்பர் தொடக்கத்திலேயே முடிந்துவிடும் என்பதால் அக்டோபரில் வரும் உதவி ஆசிரியர்கள் அதைத் தவறவிடுகிறார்கள். நகர மன்ற அலுவலகத்துக்குப் போய்ப் பட்டியலைக் கேளுங்கள், கொடுப்பார்கள். உங்களுக்குப் பாட வராது என்றால் ஞாயிறு மலைநடைக் குழுவில் சேருங்கள். மூன்று மணி நேரம் பக்கத்தில் நடப்பவர் எவ்வளவு நேரந்தான் பேசாமல் இருப்பார்?

எனக்குக் கதவு திறந்தது ஒரு பன்றித் தொடையால். குளிர்காலத்தில் அந்தப் பகுதி ஊர்களின் சமூகக் கூடங்களில் லோட்டோ ஆட்டம் நடத்துவார்கள். நம் மன்றங்களில் ஆடும் தம்போலாவேதான். அட்டையில் எண்களை மறைக்க மக்காச்சோள மணிகளைக் கொடுப்பார்கள். பள்ளிச் சுற்றுலாவுக்கு நிதி திரட்டப் பெற்றோர் சங்கம் நடத்திய அந்த ஆட்டத்துக்கு, எண்களைக் கேட்டுப் பழகலாம் என்று மட்டும் நினைத்துப் போனேன். பிரெஞ்சில் எண்பத்தேழு என்பது ‘நான்கு இருபதும் ஏழும்’; அதை மனத்துக்குள் கூட்டி முடித்து என் அட்டையைப் பார்த்தபோது வரிசை நிறைந்திருந்தது. பரிசு, உப்பிட்டு உலர்த்திய ஒரு முழுப் பன்றித் தொடை, ஏழு கிலோ. பிறந்ததிலிருந்து முட்டைக்கு மேல் போகாத நான், கூடமே கைதட்ட, அதைக் குழந்தையைப் போல் இரு கைகளிலும் ஏந்திக்கொண்டு வீட்டுக்கு நடந்தேன். கீழ்த்தளத்தில் இருந்த ஓய்வுபெற்ற தபால்கார அம்மாளின் கதவைத் தட்டி, ‘போன்ஜூர்’ சொல்லி, இதை நீங்கள் வாங்கிக்கொள்ள வேண்டும் என்றேன். மூன்று மாதமாகப் படிக்கட்டில் தலையசைத்ததோடு நின்றவர், அந்த ஞாயிறு மதியம் என்னைச் சாப்பிட அழைத்தார். அதன்பின் நான் ஊர் திரும்பும் வரை ஞாயிறு மதியம் எனக்கு வேறு இடம் இருந்ததில்லை.

இன்னொன்று, கொஞ்சம் கண்டிப்பாகவே சொல்கிறேன். அக்டோபர் கடைசி ஞாயிறன்று, குளிர்காலத்துக்காகக் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் திருப்பி வைத்தபின், அங்கே மாலை ஐந்து மணி என்பது இங்கே இரவு ஒன்பதரை. அந்நேரம் அங்கே இருட்டத் தொடங்கிவிடும். இங்கே வீட்டில் எல்லோரும் ஓய்வாக இருப்பார்கள். நாள்தோறும் அந்நேரத்தில் அறைக்குள் உட்கார்ந்து வீட்டோடு காணொளியில் பேசுவது இதமாகத்தான் இருக்கும். ஆனால் அந்த ஊரின் சங்கங்களும் பயிற்சிகளும் தொடங்கும் நேரமும் அதுவே. வாரத்தில் இரண்டு நாள் பேசினால் உங்கள் தாயார் கோபித்துக்கொள்ள மாட்டார். திரும்பி வருவதைப் பற்றிச் சனவரி இறுதியில் எனக்கு மறுபடி எழுதுங்கள். அந்த மாதம் ஆசிரியர் அறையில் ‘அரசர்களின் கேக்’ வெட்டுவார்கள். உள்ளே ஒளித்துவைத்த சிறு பொம்மை யார் துண்டில் வருகிறதோ அவருக்குக் காகிதக் கிரீடம். அதைத் தலையில் வைத்துப் படம் எடுத்து அனுப்புங்கள்.

ஒரு வாசகி, வாலாஜாப்பேட்டை: நாங்கள் சுத்த சைவம். மதுவும் தொட்டதில்லை. மகன் அங்கே பழகவே முடியாது என்று உறவினர்கள் பயமுறுத்துகிறார்கள்.

பழகலாம். பள்ளி உணவகங்களில் வாரத்துக்கு ஒரு வேளையாவது இறைச்சியும் மீனும் இல்லாத உணவு கொடுக்க வேண்டும் என்பது 2019 நவம்பர் முதல் நடைமுறையில் இருக்கிறது. மற்ற நாட்களில் காய்கறித் தொடக்க உணவு, ரொட்டி, பாலாடைக்கட்டி, பழம் என்று வயிறு நிரம்பும், சலிக்கும். வீட்டுக்கு அழைப்பவரிடம் ‘சைவம்’ என்று ஒரு சொல்லில் சொன்னால் மீன் வைப்பார்கள். இறைச்சியும் வேண்டாம் மீனும் வேண்டாம் என்று பிரித்துச் சொல்லச் சொல்லுங்கள். பொடிப்பொடியாக நறுக்கிய பன்றிக் கொழுப்பு, காய்கறிப் பண்டத்திலும் ஒளிந்திருக்கும். நீங்கள் மிகக் கண்டிப்பானவர்கள் என்றால் இன்னொரு செய்தியும் உண்டு: ரோக்ஃபோர், கோன்த்தே போன்ற புகழ்பெற்ற பாலாடைக்கட்டிகளில் பாலைத் திரிக்கக் கன்று, ஆட்டுக்குட்டி ஆகியவற்றின் இரைப்பையிலிருந்து எடுக்கும் பொருளைச் சேர்க்கிறார்கள். எனக்கு இது இரண்டாம் ஆண்டுதான் தெரிந்தது; அதற்குள் எத்தனையோ கிலோ உள்ளே போயிருந்தது.

மது வேண்டாம் என்பதற்குக் காரணம் சொல்லிக்கொண்டிருக்க வேண்டியதில்லை. பழச்சாறு நிரம்பிய கோப்பையை உயர்த்தி, எதிரில் இருப்பவரின் கண்ணைப் பார்த்து மோதினால் போதும். கண்ணைப் பார்க்காமல் மோதுவதைத்தான் தவறாக எடுத்துக்கொள்வார்கள்.

ஒரு வாசகி, ஆற்காடு: அங்கே பணிபுரியும் என் தங்கையை முதன்முறையாக ஒரு குடும்பம் இரவு உணவுக்கு அழைத்திருக்கிறது. என்ன கொண்டு போகலாம், எதைத் தவிர்க்கலாம்?

பூங்கொத்து கொண்டு போகலாம். ஆனால் சாமந்தி மட்டும் கூடாது. நமக்கு அது பூசைப் பூ, வாசல் தோரணப் பூ. அங்கே நவம்பர் 1ஆம் தேதி, மறைந்தோர் நினைவுக்காகக் கல்லறைகளில் தொட்டி தொட்டியாக வைப்பது அதே சாமந்தியைத்தான். அக்டோபர் இறுதியில் பூக்கடைகளெல்லாம் சாமந்தியால் நிறைந்திருக்கும், விலையும் குறைவு, நம்மூர் நினைவில் கை தானாகவே போகும். கல்லறைத் தோட்டத்துப் பூவோடு விருந்துக்குப் போய் நின்றவள் நான். அந்த வீட்டு அம்மாள் ஒரு கணம் திகைத்து, பிறகு அதைத் தோட்டத்தில் வைத்தால் நன்றாக இருக்கும் என்று சொல்லி வெளியே எடுத்துப் போனார். நல்ல சாக்லேட் பெட்டி ஒன்று பாதுகாப்பானது. ஊரிலிருந்து எடுத்துச் சென்ற கைத்தறித் துணி அதைவிட மதிப்பானது. நான் பரிசளித்த குடியாத்தம் லுங்கி ஒன்று இன்றும் ஒரு வீட்டுச் சாப்பாட்டு மேசையின் விரிப்பாக இருக்கிறது. அதன் உண்மையான பயனை நான் இதுவரை அவர்களிடம் சொல்லவில்லை.

ஏழரை என்று சொன்னால் ஏழே முக்காலுக்குப் போகட்டும். முன்னதாகப் போகவே கூடாது. எட்டரைக்கு முன் சாப்பாட்டு மேசைக்கு அழைக்க மாட்டார்கள் என்பதால் ஐந்து மணிக்கு வயிற்றுக்கு ஏதாவது கொடுத்துவிட்டுப் போவது நல்லது. ‘அப்பெரோ’ என்னும் முன்பானம், தொடக்க உணவு, முதன்மை உணவு, பாலாடைக்கட்டி, இனிப்பு, காப்பி என்று நள்ளிரவு வரை நீளும். நடுவில் உதவி செய்கிறேன் என்று சமையலறைக்குள் நுழைய வேண்டாம், கேட்டுவிட்டு நுழையலாம். ரொட்டியைத் தட்டில் வைக்காமல் மேசை விரிப்பின் மேலேயே வைப்பார்கள், அருவருக்க வேண்டாம்.

பேச்சில் தவிர்க்க வேண்டியவை, நாம் முதல் ஐந்து நிமிடத்தில் கேட்டு முடிப்பவை: சம்பளம் எவ்வளவு, வாடகை எவ்வளவு, எப்போது திருமணம், குழந்தை ஏன் இல்லை, கோயிலுக்குப் போவீர்களா. உடன் வாழ்பவரை ‘உங்கள் கணவர்’ என்றும் அவசரப்பட்டுச் சொல்ல வேண்டாம். 1999 முதல் திருமணத்துக்கு மாற்றாக ‘பாக்ஸ்’ என்னும் பதிவு ஒப்பந்தம் அங்கே உண்டு. எதையும் பதியாமல் பிள்ளை பெற்று வாழ்பவர்களும் ஏராளம். அரசியலோ தாராளமாகப் பேசலாம். மேசையைத் தட்டிச் சண்டை போட்டுவிட்டு அதே மூச்சில் இனிப்பை நீட்டுவார்கள். முதல் முறை அதைப் பார்த்தபோது குடும்பமே உடையப் போகிறது என்று எனக்குக் கை நடுங்கியது.

ஒரு தாய், போளூர்: மகள் பொட்டு இல்லாமல் இருந்ததில்லை. பள்ளியில் வைக்கக் கூடாது என்கிறார்களாமே?

அரசையும் திருச்சபையையும் 1905ஆம் ஆண்டுச் சட்டம் பிரித்ததிலிருந்து, அரசு ஊழியர் பணி நேரத்தில் எந்தச் சமய அடையாளத்தையும் வெளியே காட்டக் கூடாது என்பது அங்கே அடிப்படையான விதி. மாணவர்கள் எடுப்பான சமய அடையாளம் அணிவதை 2004ஆம் ஆண்டுச் சட்டம் தடுக்கிறது. உதவி ஆசிரியையும் அரசு ஊழியரே. ஆகவே திருநீறும் குங்குமமும் பள்ளிக்குள் வேண்டாம். ஒட்டுப்பொட்டை அணிகலன் என்று கொள்வாரும் உண்டு, சமயம் என்று கொள்வாரும் உண்டு. முதல் வாரத்திலேயே தலைமை ஆசிரியரிடம் கேட்டுவிடுவது உத்தமம். உடைக்குள் இருக்கும் சங்கிலியை யாரும் கேட்கப் போவதில்லை. பள்ளி வாயிலைத் தாண்டிவிட்டால் அவர் நெற்றி அவருடையது. நான் மாலையில் பொட்டு வைத்துக்கொண்டுதான் சேர்ந்திசைக்குப் போவேன். எனக்கு அந்த விதி பிடித்திருந்தது என்று சொல்ல மாட்டேன். ஆனால் சிலுவை அணிந்த சக ஆசிரியைக்கும் அதே விதி என்பதைப் பார்த்தபின் வருத்தம் குறைந்தது.

ஒரு மாணவர், ஆம்பூர்: என் அப்பா தோல் பதனிடும் டேனரியில் வேலை செய்கிறார். பிரெஞ்சுக்காரர்களிடம் பேச என்னிடம் என்ன இருக்கிறது என்று தயக்கமாக இருக்கிறது.

உங்களிடம் இருப்பது போல் வேறு யாரிடமும் இல்லை, தம்பி. முதலில் மாணவர்கள் உங்களிடம் ‘நீங்கள் இந்து மொழி பேசுவீர்களா’ என்று கேட்பார்கள். இந்தியர் எல்லோரையும் ‘இந்து’ என்று சொல்லும் பழக்கம் அங்கே பேச்சுவழக்கில் உண்டு; கோபப்படாமல் கரும்பலகையில் அவரவர் பெயரைத் தமிழில் எழுதிக் காட்டுங்கள், ஒரு மணி நேரம் ஓடிவிடும். புதுச்சேரிக்குப் பக்கம் என்று சொன்னால் ஆசிரியர்கள் கண் விரியும். அதற்குக் காரணம் வரலாறு மட்டுமன்று. புதுச்சேரியின் பிரெஞ்சுப் பள்ளியில் மேல்நிலை இறுதித் தேர்வு பிரான்சைவிட முன்னதாக ஏப்ரலிலேயே நடந்துவந்ததால், ‘போந்திஷேரி வினாத்தாள்’ என்பது பல ஆண்டுகள் பிரான்சு முழுவதும் மாணவர்கள் பயிற்சிக்குத் தேடிப் படித்த வினாத்தாள். அந்த ஊர் எங்கே இருக்கிறது என்று தெரியாமலேயே அந்தப் பெயரைப் பயந்து வளர்ந்தவர்கள் அவர்கள்.

வரலாற்று ஆசிரியர் கிடைத்தால் உங்கள் ஊரைச் சொல்லுங்கள். 1749 ஆகஸ்டில் ஆம்பூரில் நடந்த போரில்தான், ஆற்காட்டு நவாப் பதவிக்குப் போட்டியிட்ட சந்தா சாகிபுக்கும் ஐதராபாத் நிசாம் பதவிக்குப் போட்டியிட்ட முசாபர் ஜங்குக்கும் துணை வந்த பிரெஞ்சுப் படை ஆற்காடு நவாப் அன்வருதீனை வீழ்த்தியது. 1760 சனவரியில் வந்தவாசியில் ஆங்கிலேயரிடம் தோற்றதும், தோற்ற தளபதி லாலியின் தலையை 1766இல் பாரிசில் அவர்களே வெட்டியதும் அவர்கள் பாடநூலில் ஓரிரு வரி. நமக்கோ பேருந்தில் போய்வரும் ஊர்கள்.

தோலைப் பற்றிப் பேச வெட்கப்படாதீர்கள். நான் இருந்த ஊருக்கு அருகில் மிய்யோ என்றொரு நகரம். ஆட்டுக்குட்டித் தோலில் கையுறை செய்வதில் புகழ்பெற்றது. பக்கத்திலிருக்கும் ரோக்ஃபோரில் பாலாடைக்கட்டிக்கு ஆட்டுப்பால் வேண்டும். பாலைக் கறக்க வேண்டுமென்றால் குட்டிகளைச் சீக்கிரமே பிரித்தாக வேண்டும். அந்தக் குட்டிகளின் மெல்லிய தோலில் கையுறைத் தொழில் வளர்ந்தது. பிறகு பெரும்பாலான பட்டறைகள் மூடிவிட்டன. அப்படியொரு பட்டறையில் முப்பது ஆண்டுகள் தோல் வெட்டிய முதியவர் ஒருவர், நான் வாணியம்பாடி, ஆம்பூர், ராணிப்பேட்டை என்று சொன்னதும், சுண்ணாம்புத் தொட்டியின் வாடை உங்கள் ஊரிலும் அதேதானா என்று கேட்டார். அதற்கு என்னைவிட உங்களால் நன்றாகப் பதில் சொல்ல முடியும்.

ஒரு வாசகர், திருப்பத்தூர்: பணியிடமான சிற்றூரில் தங்குவதா, ஒரு மணி நேரத் தொலைவிலுள்ள நகரத்தில் அறை எடுப்பதா?

சிற்றூரில்தான், கிறிஸ்துமஸ் வரையிலாவது. நகரத்தில் அறை எடுத்தவர்கள் மாலை ஆறரைக்குக் கடைசிப் பேருந்து என்று பள்ளியிலிருந்து ஓடுவார்கள். பள்ளி ஊரிலும் யாரையும் அறிய மாட்டார்கள், நகரத்திலும் யாரும் அவர்களை அறியார். கார் வைத்திருக்கும் சக ஆசிரியரோடு வாரம் ஒருநாள் நகரத்துக்குப் போய்வருவது போதும். பெட்ரோலுக்குப் பங்கு கொடுக்க மறக்காதீர்கள்.

ஒரு வாசகி, அரக்கோணம்: கறிவேப்பிலை கிடைக்குமா?

பாரிசில் வட ரயில் நிலையத்தை ஒட்டிய லா ஷப்பல் பகுதியில் ஈழத்தமிழர் கடைகளில் கிடைக்கும். சிற்றூரில் கிடைக்காது. விடுமுறைக்குப் பாரிசு போகும்போது வாங்கி உறையவைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு தந்தை, சத்துவாச்சாரி: மகளோடு அங்கே பணிபுரிந்த ஓர் ஆசிரியையும் அவர் துணைவரும் பிப்ரவரி விடுமுறையில் எங்கள் வீட்டுக்கு வருகிறார்கள். நாங்கள் எப்படி நடந்துகொள்ள வேண்டும்?

உங்கள் வீட்டில் எப்போதும் நடந்துகொள்வது போலத்தான், ஐயா, ஒன்றைத் தவிர. தட்டில் வைத்ததை மிச்சம் வைப்பது அவர்களுக்கு மரியாதைக் குறைவு. காலியான தட்டைக் கண்டால் மறுபடி பரிமாறாமல் இருப்பது நமக்கு மரியாதைக் குறைவு. இரண்டும் சந்தித்தால் விருந்தாளி ஒன்பதாவது இட்லியோடு போராடிக்கொண்டிருப்பார். என் தோழி ஒருத்தி எங்கள் வீட்டில் அப்படித்தான் போராடினாள். என் அம்மாவோ, ‘பாவம், ஊரில் சாப்பாடே கிடைக்காது போல’ என்று பத்தாவதை எடுத்தார். இலையை மடிப்பது எப்படி என்று முதல் நாளே சொல்லிக்கொடுத்துவிடுங்கள்.

வேலூர்க் கோட்டைக்குக் காலையிலேயே அழைத்துப் போங்கள். அதனுள்ளே இருக்கும் சலகண்டேசுவரர் கோயிலில் நெடுங்காலம் மூலவர் இல்லாதிருந்து 1981இல்தான் மறுபடி எழுந்தருளினார் என்பதைச் சொல்லுங்கள். அவர்கள் ஊரிலும் தேவாலயங்கள் பல பூட்டிக் கிடப்பதால் ஆர்வமாகக் கேட்பார்கள். மதியம் இரண்டு மணி நேரம் அறைக் கதவைச் சாத்தித் தூங்க விடுங்கள். அக்கம்பக்கத்தார் வந்து, ‘இன்னா வேலை, இன்னா சம்பளம், புள்ளைங்க எத்தினி’ என்று கேட்கத்தான் செய்வார்கள். தடுக்க வேண்டாம், உங்கள் மகள் மொழிபெயர்க்கும்போது இரண்டாவது கேள்வியை மட்டும் விழுங்கிவிடட்டும்.